இரண்டாவது இலக்கம்

கேள்வி கேட்கிறவர்களைப் பர்ஹானாவுக்குப் பிடிக்கும். ஆனால் கண்டியை அடுத்த கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட, மருந்துக்கடை ஒன்றின் மேல்மாடியில் இருந்த அந்தச் சிறிய பொது நூலகத்தில் அப்படிப்பட்டவர்கள் அபூர்வம். பத்திரிகை வாசிக்க வருகிறவர்கள் மின்விசிறிக்குக் கீழுள்ள கதிரைகளைப் பிடிப்பதிலேயே கண்ணாயிருப்பார்கள். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குப் பழைய வினாத்தாள் கிடைத்தால் போதும். ‘மின்சேவைகள்’ என்று பலகை தொங்கும் மூலைக்கு வந்து, இது எப்படி வேலை செய்கிறது என்று கேட்க யாருக்கும் நேரமில்லை. ஆகவே ஜெயராஜ் மாஸ்டர் கைப்பேசியை நீட்டியபடி அவளுடைய மேசைக்கு முன்னால் வந்து, “மிஸ், இது எனக்கு விளங்கேல்ல. ஆறுதலா ஒருக்காச் சொல்லித் தருவீங்களோ?” என்று கேட்டபோது, செய்துகொண்டிருந்த வேலையை அப்படியே போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

மாஸ்டரைத் தெரியாதவர்கள் அந்தப் பக்கத்தில் இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இங்கேயே வீடு வாங்கி, உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவர். சேர்ட்டின் இரண்டு கைகளையும் முழங்கை வரை ஒரே அளவாக மடித்து விட்டிருப்பார். அவர் குரலை உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை.

கைப்பேசியில் நூலகத்தின் குறுஞ்செய்தி ஒன்று இருந்தது. த. தர்சிகா என்ற அங்கத்தவர் ஒரு மின்நூலை இரவல் எடுத்திருக்கிறார் என்றது அது.

“நான் ஒண்டும் எடுக்கேல்ல. பிழையா வந்திட்டுதோ?”

“பிழையில்ல சேர். நீங்க அவங்களுக்குப் பிணை நின்டீக்கிறீங்க. அதுதான் உங்களுக்கும் வருது.”

“ஓம், அவ என்ர மனிசி. எப்பவோ ஒரு கையெழுத்து வைச்சனான். அது இன்னும் உயிரோட இருக்கோ?”

பர்ஹானாவின் முகம் மலர்ந்தது. அது அவளுடைய சொந்த ஏற்பாடு.

இங்கே நூலகத்தில் சேருவதென்றால் தன்னந்தனியாகச் சேர முடியாது. ஊரில் சொந்த வீடிருந்து ஆதனவரி கட்டுகிற ஒருவர் பிணையாளராகக் கையெழுத்திட வேண்டும். புத்தகம் தொலைந்தால் கேள்வி அவரிடம் போகும். பழைய அட்டையில் முன்பக்கம் அங்கத்தவரின் பெயர், பின்பக்கம் பிணையாளரின் பெயர். எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றிய வருடத்தில் ஒரு சிக்கல் வந்தது. நூலகத்துக்குக் கிடைத்த மென்பொருள் வேறெங்கோ, பிணையாளர் என்றால் என்னவென்றே தெரியாத ஒரு நாட்டில் எழுதப்பட்டது. அதில் பின்பக்கமே இல்லை. பயிற்சி தர வந்தவர் கையை விரித்துவிட்டார். பர்ஹானாதான் ஒரு வழி கண்டுபிடித்தாள். அங்கத்தவரின் தொலைபேசிக்கு அந்த மென்பொருளில் இரண்டு இடங்கள் இருந்தன. முதலாவதில் அங்கத்தவரின் இலக்கத்தையும் இரண்டாவதில் பிணையாளரின் இலக்கத்தையும் போட்டாள். செய்தி அனுப்பும்போது கணினி இரண்டுக்கும் அனுப்பும். புத்தகம் பிந்தினால் பிணையாளருக்கும் அப்போதே தெரிந்துவிடும். பிரதம நூலகர் இராமநாதன் கூட்டத்தில் அதைச் சொல்லிப் பாராட்டினார். வலையமைப்பில் இணைந்திருந்த மற்ற நூலகங்களும் அதே மாதிரிச் செய்துகொண்டன.

இதையெல்லாம் அவள் மாஸ்டருக்கு ஒன்றுவிடாமல் சொன்னாள். அவர் இடையில் குறுக்கிடவில்லை. நல்ல மாணவனைப் போலத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“மின்நூலைத் திருப்பிக் குடுக்கிறது எப்பிடி?”

“குடுக்கவே தேவையில்ல. புத்தகத்தோட ஒரு பூட்டும் சேர்ந்து போகுது. தவணை முடிஞ்சா அந்தப் பூட்டு தானாவே விழும். அதுக்குப் பிறகு அவங்கட போன்ல புத்தகம் ஈக்கும், ஆனா திறக்காது. அந்த நிமிசமே இங்க அடுத்த ஆளுக்குப் போகும்.”

“நல்ல வேலை.” அவர் உண்மையாகவே வியந்ததுபோலிருந்தது. “அப்ப அவ எங்க இருந்து வாசிக்கிறா எண்டு உங்களுக்குத் தெரியும்.”

“இல்ல சேர், அது தெரியாது. மின்நூலுக்கு இடமெண்டு ஒண்டு இல்ல. வீட்டிலயும் வாசிக்கலாம், பஸ்லயும் வாசிக்கலாம்.” மறுமொழி அரைகுறையாக நிற்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. “கணினிக்கு முன்பதிவு செய்தாத்தான் இடம் வரும். கணினி ஒரு நூலகத்தில ஈக்கிற சாமான்தானே. எந்த நூலகம், எத்தின மணி எண்டு செய்தியில விழும்.”

“எனக்கும் விழும்.”

“உங்களுக்கும் விழும்.”

மாஸ்டர் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். “மனிசி தூர இடத்தில நிண்டு படிக்கிறா, மிஸ். நான் தொந்தரவு குடுக்கிறதில்ல. சுகமா இருக்கிறா எண்டு தெரிஞ்சாக் காணும்.”

அவர் படியிறங்கிப் போன பிறகு, இரவல் பகுதியில் இருந்த றலியா ராத்தா மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தாள். “என்ன, பாடம் முடிஞ்சா? மனுசன் வாயத் திறக்காம கேட்டாரே. என்ட மாப்பிள்ளைக்கு ஒரு நாள் இப்பிடி ஒக்காந்து கேக்கச் செல்லுங்க பாப்பம்.”

“விளங்கிற ஆளுக்குச் செல்றதும் ஒரு சந்தோசம், ராத்தா.”

அடுத்த வாரம் மாஸ்டர் மறுபடியும் வந்தார். இம்முறை தனக்கே ஒரு கணக்குத் திறக்க வேண்டும் என்றார். பர்ஹானா திறந்து கொடுத்தாள். இரகசிய எண்ணை எப்படி அமைப்பது, புத்தகத்தை எப்படித் தேடுவது, எடுத்த புத்தகங்கள் கணக்கின் அலுமாரியில் எப்படி வரிசையாக நிற்கும் என்றெல்லாம் காட்டினாள்.

“வயசு போகுது மிஸ். இந்த எண்ணை மறந்திட்டா?”

“பயமில்ல. ‘மறந்துவிட்டேன்’ எண்டதை அழுத்துங்க. பதிவில ஈக்கிற போன் இலக்கத்துக்கு ஒரு குறியீடு வரும். அதைப் போட்டுப் புது எண் வெக்கலாம்.”

“பதிவில இரண்டு இலக்கம் இருந்தா?”

“ரெண்டுக்கும் வரும்.”

அவர் நன்றி சொன்னார். போகும்போது றலியா ராத்தாவிடமும் சுகம் விசாரித்துவிட்டுத்தான் போனார்.

தர்சிகாவிடமிருந்து கேள்வி வந்தது ஒரு வியாழக்கிழமை காலையில். ‘நூலகரிடம் கேளுங்கள்’ என்று ஒரு சேவை இருந்தது. அங்கத்தவர் தம் கணக்கில் நுழைந்து எழுதினால், பர்ஹானாவின் திரையில் விழும். அவள் எழுதும் பதிலும் அதே கணக்கில் போய் நிற்கும். வழக்கமாக வினாத்தாள் கேட்டுத்தான் எழுதுவார்கள். இது வேறு மாதிரி இருந்தது.

‘அக்கா, என்னுடைய இரகசிய எண் தானாக மாறியிருந்தது. குறியீடு எடுத்துத் திருப்பி மாற்றினேன். மறுநாளும் மாறியிருந்தது. நான் எடுக்காத புத்தகங்களும் என் கணக்கில் வருகின்றன. முதலில் ரோசாச் செடி வளர்ப்பு பற்றி ஒன்று. பிறகு எலும்பு முறிவுக்கான முதலுதவி பற்றி ஒன்று. இன்று காலை, ஹுன்னஸ்கிரிய மலைப் பாதைகளுக்கான வழிகாட்டி. இது ஏதும் கோளாறா?’

கோளாறு என்றால் பர்ஹானாவுக்கு உற்சாகம். உடனே அந்தக் கணக்கைத் திறந்தாள். முதலாவது இலக்கம் சில மாதங்களுக்கு முன் மாற்றப்பட்டிருந்தது. அங்கத்தவர் இதே சேவையில் எழுதிக் கேட்டிருந்தார், மாற்றிக் கொடுத்ததும் பர்ஹானாதான். இரண்டாவது இலக்கம் பழையபடியே இருந்தது. அங்கத்தவரின் பக்கத்தில் முதலாவது மட்டுந்தான் தெரியும். இரண்டாவது ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

அந்தக் கணக்குக்குப் போன செய்திகளைக் கீழிறக்கிப் பார்த்தாள். மின்நூல் இரவல்: இரண்டு இலக்கங்களுக்கும் அனுப்பப்பட்டது. இரகசிய எண் குறியீடு: இரண்டுக்கும் அனுப்பப்பட்டது. திரும்பவும் குறியீடு. திரும்பவும். பிறகு நேற்று மாலை, கணினி முன்பதிவு. ஹுன்னஸ்கிரியப் பக்கத்து நூலகம், வியாழக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. இரண்டுக்கும் அனுப்பப்பட்டது.

வழிகாட்டிப் புத்தகம் எடுக்கப்பட்டது அதற்குப் பிறகு.

பர்ஹானா பதில் எழுதும் பெட்டியில் கையை வைத்தாள். ‘உங்கள் பிணையாளர்’ என்று தொடங்கினாள். பிறகு திரையின் ஓரத்தில் இருந்த சின்ன அடையாளத்தைக் கண்டாள். ஒரு கணக்கு எத்தனை கருவிகளில் திறந்திருக்கிறது என்று காட்டுகிற அடையாளம் அது. இப்போது இரண்டு என்றது.

அவள் எழுதியதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். இந்தப் பெட்டியில் என்ன எழுதினாலும் அதை இரண்டு பேர் வாசிப்பார்கள். ‘சிறிய தொழில்நுட்பக் கோளாறு. சரிசெய்கிறோம்’ என்று மட்டும் போட்டாள். தன் சொந்தக் கைப்பேசியை எடுத்துக்கொண்டு பின்பக்கத்து அறைக்குப் போய், முதலாவது இலக்கத்தை அழைத்தாள்.

மணி நெடுநேரம் அடித்தது. எடுத்த பிறகும் மறுபக்கத்தில் பேச்சில்லை. மூச்சும் காற்றின் இரைச்சலும் மட்டும் கேட்டன.

“தர்சிகாவா? நான் நூலகத்தில இருந்து பர்ஹானா. பயப்பட வேணாம்.”

“அக்காவோ? நான் வேற ஆரோ எண்டு…”

“உங்கட பிணையாளர் மாஸ்டர்தானே? அவரோட நீங்க நல்லாத்தானே…”

“அவருக்கு நான் இருக்கிற இடம் தெரியக்கூடாது, அக்கா.” குரல் ஒரேயடியாகத் தாழ்ந்துவிட்டது. “நான் ஓடி வந்து தேயிலைத் தோட்டத்தில ஒரு சிநேகிதியின்ர லயத்து அறையில இருக்கிறன். போன முறை கண்டுபிடிச்சவர். அண்டைக்கு முறிஞ்ச கைதான், இன்னும் முழுசா நீட்ட ஏலாது. பொலிசிலயும் சொன்னனான், சமாதானமாப் போங்கோ எண்டு சேர்த்து வைச்சு அனுப்பினவை. ஏன் கேக்கிறீங்கள்?”

எலும்பு முறிவுக்கான முதலுதவி. 

“வேற அட்டை எடுத்தீக்கலாமே தங்கச்சி?”

“ஆர் பிணை நிக்கிறது? லயத்தில இருக்கிற சனத்துக்குச் சொந்த வீடோ, வரியோ? பழைய அட்டையின்ர இலக்கம் மனப்பாடம். அதைத்தான் பாவிக்கிறன். இண்டைக்கு இரண்டு மணிக்குக் கொழும்பு ஆய்வுகூடம் ஒண்டுக்குக் கணினியில நேர்முகப் பரீட்சை, அக்கா. தங்குமிடமும் தருவினம். கிடைச்சா நான் தப்பிடுவன். தோட்டத்தில சிக்னல் நிக்காது, அதுதான் நூலகத்தில கேட்டனான். இப்ப நடந்து வந்துகொண்டிருக்கிறன்…”

“தர்சிகா, கேளுங்க, அந்த…”

காற்று இரைந்தது. இணைப்பு அறுந்தது. திரும்ப அழைத்தபோது, இலக்கம் தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண்குரல் மூன்று மொழிகளிலும் சொன்னது.

இராமநாதன் தன் அறையில் கோப்பொன்றில் கையெழுத்து வைத்துக்கொண்டிருந்தார். பர்ஹானா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பேனாவை மூடவில்லை.

“மாஸ்டரோ? சும்மா இருங்கோ பிள்ளை. என்ர மகளுக்கும் அவர்தான் படிப்பிச்சவர்.”

“சேர், இரண்டாவது இலக்கத்தையாவது எடுத்து விடுவம்.”

“பிணையாளரை நீக்கிறதெண்டா, பிணையாளர் கைப்பட எழுதித் தரோணும். விதி உங்களுக்குத் தெரியாததோ? அவரைக் கேட்டுச் செய்யுங்கோ.” ஒரு கணம் யோசித்தார். “புருசன் பெண்சாதி விசயம் பிள்ளை. நூலகம் அதுக்குள்ள தலை போடக் கூடாது.”

நூலகம் ஏற்கெனவே தலையையும் கையையும் சேர்த்து உள்ளே போட்டுவிட்டது என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. மூலைக்குத் திரும்பி வந்தாள். நேரம் நண்பகலை நெருங்கிக்கொண்டிருந்தது. கண்டியிலிருந்து ஹுன்னஸ்கிரியவுக்குப் போகிற தூரம் அவளுக்குத் தெரியும். மாஸ்டரிடம் மோட்டார் சைக்கிள் இருப்பதும் தெரியும்.

அவள் தன்னை அமைதிப்படுத்திக்கொள்ள ஒரு வழிதான் வைத்திருந்தாள். ஒரு பொருள் எப்படி வேலை செய்கிறதென்று முதலிலிருந்து யோசிப்பாள். முன்பதிவை அழித்தால் இரண்டு பேருக்கும் செய்தி போகும். அவர் விழிப்படைந்துவிடுவார், ஆனால் நூலகத்தின் பெயர் அவருக்கு ஏற்கெனவே தெரியும். இலக்கத்தை நீக்கினால், நீக்கியதாக அந்த இலக்கத்துக்கே செய்தி போகும். எந்தக் கதவைத் தொட்டாலும் மணி அடிக்கும்படி அவளே அமைத்திருந்தாள். மணி அடிக்காத கதவு ஒன்றுமில்லை. அப்படியென்றால் அடிக்கட்டும், வேறு கதவில் அடிக்கட்டும்.

ஓர் அட்டைக்கு ஒரு முன்பதிவுதான். புதிதாக ஒன்றைப் போட்டால் பழையது தானாக விழுந்துவிடும். மாற்றியது யார் என்று செய்தியில் வராது.

முதலில் மலைப்பக்கத்து நூலகத்தை அழைத்தாள். அங்கே ஒரே ஒரு நூலகர், பாலாம்பிகை. பயிற்சி வகுப்பில் பர்ஹானாவுக்குப் பக்கத்தில் இருந்தவள்.

“அடடே, பர்ஹானாவா? என்னா அதிசயமா…”

“அக்கா, நான் செல்றதக் கேளுங்க. இன்னும் கொஞ்ச நேரத்தில ஒரு பொம்பளப் புள்ள வரும், தர்சிகா. அவக்கு இப்ப ஒரு செய்தி வரும், முன்பதிவு மாறிட்டு எண்டு. அதப் பாத்துத் திரும்பிப் போயிடுவா. போக விடாதீங்க. அட்டை கேக்காம, பதிவு போடாம, உங்கட சொந்தக் கணினியில இருத்துங்க.”

பர்ஹானா மாஸ்டரின் கதையையும் சொன்னாள். கேட்ட பிறகு பாலாம்பிகையின் குரலில் பகிடி இல்லை. “பதிவில்லாம யாரையும் ஒக்கார வைக்கக் கூடாதுன்னு சுற்றறிக்கையே வந்திருக்கு. அது கெடக்கட்டும். புள்ளைய எங்க ரூமுல வச்சுக் கதவச் சாத்திடுறேன். எவனாச்சும் வந்து கேட்டா, இன்னைக்கு யாரும் வரலன்னு சொல்றேன். அந்தாளு இந்நேரம் இங்க வந்துகிட்டு இருந்தா?”

“அதுதான் பாப்பம்.”

பர்ஹானா முன்பதிவை மாற்றினாள். இடம்: கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடி நூலகம். கணினி: நான்கு. நேரம்: அதே இரண்டு மணி. பொத்தானை அழுத்தியதும், செய்தி இரண்டு இலக்கங்களுக்கும் அனுப்பப்பட்டதாகத் திரை சொன்னது. கொஞ்ச நேரத்துக்குப் பின் இரண்டாவது இலக்கத்துக்குப் பக்கத்தில் ‘கிடைத்தது’ என்று விழுந்தது. முதலாவதில் விழவில்லை. தர்சிகா இன்னும் மலைக்குள் எங்கேயோ நடந்துகொண்டிருந்தாள்.

பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. றலியா ராத்தா சோற்றுப் பார்சலைப் பிரித்து, “வந்து ரெண்டு வாய் தின்னுங்க” என்று கூப்பிட்டாள். பர்ஹானாவால் எழும்ப முடியவில்லை. நான்காம் கணினியின் திரையில் ‘ஒதுக்கப்பட்டது: த. தர்சிகா’ என்று பெரிய எழுத்தில் எரிந்துகொண்டிருந்தது. அதற்கு முன்னாலிருந்த வெறுங் கதிரையையே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வராவிட்டால் நம்பவில்லை என்று பொருள். நம்பாவிட்டால் இந்நேரம் மலையேறிக்கொண்டிருப்பார். தன் வாழ்நாளில் ஒரு மனிதர் வர வேண்டும் என்று இப்படிப் பயந்துகொண்டு அவள் வேண்டிக்கொண்டதில்லை.

இரண்டு மணிக்குச் சற்று முன்னர் படியில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. மாஸ்டர் தலைக்கவசத்தைக் கையில் பிடித்தபடி உள்ளே வந்தார். சப்பாத்திலும் காற்சட்டை விளிம்பிலும் செம்மண் தூசு.

“மலைக்குப் போற வழியில தெல்தெனிய தாண்டிப் போயிட்டன் மிஸ்,” என்றார் சிரித்துக்கொண்டு. “அங்க ஒரு கடையில தேத்தண்ணி குடிக்க நிக்கேக்க செய்தி வந்துது. நல்ல காலம்.”

“ஓ,” என்றாள் பர்ஹானா.

“இவ இப்ப வருவா என்ன? நான் இதில இருக்கட்டோ?”

அவர் பதிலுக்குக் காத்திராமல் நான்காம் கணினிக்கு அடுத்த கதிரையில் உட்கார்ந்தார். திரையிலிருந்த பெயரை வாசித்தார். விசைப்பலகை சற்றுச் சாய்ந்திருந்தது. அதை மேசை விளிம்புக்கு நேராக நகர்த்தி வைத்தார். தலைக்கவசத்தை வெறுங் கதிரையின் மேல் வைத்தார். கைப்பேசியைத் தனக்கு முன்னால், முகம் மேலே தெரிய, மேசையில் வைத்தார். பிறகு வாசலைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார்.

முன்பதிவு செய்தவர் வராவிட்டால் கணினி கால் மணித்தியாலம் பொறுத்திருக்கும். மிச்ச நேரம் திரையில் குறைந்துகொண்டே வரும். முடிந்ததும் இடம் விடுபட்டுவிடும். விடுபட்டால் அவர் எழும்பிவிடுவார். ஆனால் தேவையென்றால் அந்தப் பொறுத்திருக்கும் நேரத்தை நீட்டுவதற்கு நூலகருக்கு ஒரு பொத்தான் உண்டு. மழைநாளில் பிந்தி வருகிற பிள்ளைகளுக்காகப் பர்ஹானா அதை அழுத்துவதுண்டு. நேரம் முடியப் போகையில் அழுத்தினாள். அவருக்கு முன்னால் எண்கள் துள்ளி மீண்டும் தொடக்கத்துக்குப் போயின. இரண்டாம் முறையும் அழுத்தினாள்.

மாஸ்டர் திரும்பி அவளைப் பார்த்தார்.

“இது தானா நீளுதோ, மிஸ்?”

“சில நேரம் நீளும்.”

“எப்பிடி?”

எப்படியென்று விளக்குவதுதான் அவளுக்குப் பழக்கம். நாக்கின் நுனிவரை வந்தது. “தெரியாது சேர்,” என்றாள்.

அவர் கொஞ்ச நேரம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபம் இல்லாத பார்வை. பிள்ளை ஒன்று கணக்கில் எங்கே பிழைவிட்டது என்று தேடுகிற ஆசிரியரின் பார்வை.

“நீங்கள் தெரியாது எண்டு சொல்லி இண்டைக்குத்தான் கேக்கிறன்.”

றலியா ராத்தா புத்தகங்களை அடுக்குவதை நிறுத்திவிட்டாள். வீதியில் பஸ் நடத்துனர் ஒருவர் கண்டி, கண்டி என்று கத்துவது யன்னலால் கேட்டது. மாஸ்டர் எழும்பவில்லை. பர்ஹானா மூன்றாம் முறையும் பொத்தானை அழுத்தினாள். இப்போது அவர் திரையைப் பார்க்கவில்லை. அவளுடைய விரலைப் பார்த்தார்.

பர்ஹானாவின் மேசைத் தொலைபேசி அடித்தது.

“புள்ள பேசி முடிச்சிருச்சு,” என்றாள் பாலாம்பிகை. “நல்லாப் பேசிச்சு. அங்கனயே வேலை சரின்னு சொல்லிட்டாங்க, நாளைக்கே வரச் சொல்லிட்டாங்க. எங்க வீட்டுக்காரரு ஆட்டோவுல கூட்டிகிட்டுப் போறாரு. எந்தப் பக்கமாப் போகுதுன்னா…”

“வேணாம். எனக்குச் செல்ல வேணாம்,” என்றாள் பர்ஹானா, மாஸ்டரின் மேலிருந்து கண்ணை எடுக்காமல். “நல்லது. வைக்கிறன்.”

இனி அந்தக் கணக்கில் ஒரு வேலைதான் மிச்சம். விதி எழுத்தில் கேட்கிறது. அந்த எழுத்தைத் தரவேண்டியவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். நாளைக்கு என்று விட்டால், கொழும்பிலிருந்து தர்சிகா இரவல் எடுக்கிற முதல் புத்தகத்தோடு மணி அடிக்கும். பர்ஹானா கணக்கைத் திறந்தாள். இரண்டாவது இலக்கத்தை முழுதாக அழித்தாள். ‘நிச்சயமாகவா?’ என்று கணினி கேட்டது. ஆம் என்றாள்.

மாஸ்டருக்கு முன்னாலிருந்த கைப்பேசி மேசையில் அதிர்ந்தது.

அவர் குனிந்து வாசித்தார். உங்கள் இலக்கம் இந்தக் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது என்று, மரியாதையாக, முதலில் சிங்களத்தில், பிறகு தமிழில், பிறகு ஆங்கிலத்தில் அது சொல்லியிருக்கும். அந்த வாசகத்தை எழுதியதும் பர்ஹானாதான். அவர் மூன்றையும் வாசிக்கிற நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு எழும்பிக் கதிரையை மேசைக்குள் தள்ளி வைத்தார். தலைக்கவசத்தை எடுத்துக்கொண்டு அவளுடைய மேசைக்கு வந்தார்.

“நல்லா விளங்கப்படுத்திறனீங்கள் மிஸ். எனக்கு எல்லாம் விளங்கிட்டுது.” குரல் வழக்கம்போல மெல்லியது. “மடவளை பஸ்ஸிலதானே போறனீங்கள்? பள்ளிவாசல் சந்தியில இறங்கிறது.”

தான் எந்த ஊர் என்று அவள் அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

அவர் படியிறங்கிப் போகும் சத்தம் அடங்கியது. “வாப்பாக்குக் கோல் அடிச்சுக் கூப்பிடுங்க,” என்றாள் றலியா ராத்தா. “இல்லாட்டி என்னோட வாங்க.”

“வாப்பா கொழும்பில. நீங்க மத்தப் பக்கம், அக்குறணைக்குப் போற ஆள், ராத்தா. எத்தின நாளைக்கு என்னோட வருவீங்க?”

இராமநாதன் வெளியே வந்து, மாஸ்டர் ஏன் சொல்லாமல் போய்விட்டார் என்று கேட்டார். பர்ஹானா திரைக்குத் திரும்பினாள். வலையமைப்பிலுள்ள எல்லா நூலகங்களிலும் இரண்டாவது இலக்கம் நிரம்பியிருக்கும் கணக்குகளைத் திரையில் வரவழைத்தாள். பக்கம் பக்கமாக வந்துகொண்டே இருந்தன. கணவர்கள், அண்ணன்மார், மாமனார்கள், வீட்டுக்காரர்கள். பெரும்பாலானவர்கள் நல்ல மனிதர்களாகத்தான் இருப்பார்கள். யார் இல்லை என்று கணினிக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது. அத்தனை பேருக்கும் போகிற செய்தியை ஒரேயடியாக நிறுத்துவதற்கு ஒரு வழி இருக்க வேண்டும். அதைத் தேடிக்கொண்டே இருந்தாள், நூலகம் மூடுகிற நேரம் வரும்வரை.

வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. பாலத்தில் வாகனங்கள் நெருக்கியடித்து நின்றன. றலியா ராத்தா அவளுடைய கையைப் பிடித்தபடி வீதியைக் கடந்து பஸ் தரிப்பிடம் வரைக்கும் வந்தாள். ராத்தாவின் பஸ்தான் முதலில் வந்தது. போக மனமில்லாமல் நின்றவளைப் பர்ஹானாதான் தள்ளி ஏற்றிவிட்டாள். நிறையச் சனம் இருக்கிறது, பயமில்லை என்றாள்.

சனம் இருக்கத்தான் செய்தது. பாடசாலைப் பிள்ளைகள், மரக்கறிப் பைகளோடு பெண்கள், பத்திரிகையை விரித்துப் பிடித்தபடி வாங்கில் உட்கார்ந்திருந்த ஒருவர். பஸ் வருகிற திசையைப் பார்த்துக்கொண்டு பர்ஹானா அந்த வாங்குக்குக் கிட்டப் போனாள். பத்திரிகை மடிந்தது. முழங்கை வரை ஒரே அளவாக மடித்துவிட்ட கைகள் அதை இரண்டாக மடித்து, நான்காக மடித்து, மடியில் வைத்தன.

“இருங்கோ மிஸ்,” என்று மாஸ்டர் வாங்கில் சற்றே நகர்ந்து இடம் விட்டார்.